பூட் மெனுவைத் திருத்தும் முன்: அது எந்த மெனு?

ஒரே கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் விண்டோஸும் இருந்தால், பவர் பொத்தானை அழுத்திய சில நொடிகளில் ஒரு பட்டியல் திரைக்கு வரும். முதல் வரி உபுண்டு. அதன் கீழே உபுண்டுவுக்கான கூடுதல் வாய்ப்புகள். பிறகு விண்டோஸ் பூட் மேனேஜர். கடைசியில் பெரும்பாலும் யுஇஎஃப்ஐ (கணினியின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளுக்குப் போகும் ஒரு வரி. அடியில், இன்னும் இத்தனை விநாடியில் தேர்ந்தெடுத்த வரி தானாகத் தொடங்கும் என்ற அறிவிப்பு. அதிலுள்ள எண் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கிக்கொண்டே வரும். அம்புக்குறி விசையை ஒரு முறை தொட்டால் போதும், எண் இறங்குவது நின்று கணினி நம் முடிவுக்குக் காத்திருக்கும்.

இதைத்தான் பூட் மெனு என்கிறோம். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க காலத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பூட் மெனுவை முதன்முதலாக அந்தத் திரையில் பார்த்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பார்த்த சில நாளில் எல்லாருக்கும் வரும் ஆசைகள் ஒரே மாதிரியானவை. விண்டோஸ் முதலில் வர வேண்டும். காத்திருக்கும் நேரம் குறைய வேண்டும். தேவையில்லாத வரி மறைய வேண்டும். வழி கேட்டால் ஒருவர் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போகச் சொல்வார். இன்னொருவர் டெர்மினலில் ஒரு கட்டளையைத் தட்டச் சொல்வார். மூன்றாமவர் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறக்கச் சொல்வார். மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவரும் பேசுவது மூன்று வெவ்வேறு மெனுக்களைப் பற்றி. தொடக்கநிலையில் இருப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எந்த மெனு எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை கடினமில்லை.

ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு

கணினி விழித்தவுடன் முதலில் ஓடுவது மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள். 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து அதற்கு பயாஸ் என்று பெயர். பயாஸுக்கு ஹார்டு டிஸ்கைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. டிஸ்கின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிடும், அவ்வளவுதான். அந்த 512 பைட்டிலும் 64 பைட், டிஸ்கின் பகுதிகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணைக்குப் போகும், 2 பைட் அடையாளக் குறிக்குப் போகும். நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட்டுக்குள். அதில் பட்டியலும் வண்ணமும் கவுண்ட் டவுனும் வைக்க ஏது இடம்? அதனால்தான் பூட் லோடர் என்ற தனி மென்பொருள் தேவைப்பட்டது. முதல் பைட்டுகளில் இருக்கும் குட்டி நிரல் டிஸ்கின் வேறு பகுதியிலிருந்து பெரிய நிரலை எழுப்பும், அந்தப் பெரிய நிரல் பட்டியலைக் காட்டும்.

இன்றைய கணினிகளில் பயாஸின் இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கிறது. பழக்கத்தில் அதையும் பயாஸ் என்றே எல்லாரும் சொல்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. யுஇஎஃப்ஐக்கு ஃபேட்32 வகைப் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியும். டிஸ்கில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒரு சிறு பகுதி இருக்கும். விண்டோஸ் 10 தானாக நிறுவும்போது அதற்குப் பொதுவாக 100 எம்பி ஒதுக்கும். விண்டோஸின் பூட் லோடர் அங்கே ஓர் அடைவில் கோப்பாக இருக்கும், உபுண்டுவினுடையது பக்கத்து அடைவில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. எந்தக் கோப்பை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசை மட்டும் டிஸ்கில் இல்லை. மதர்போர்டின் சிறு நினைவகத்தில் இருக்கிறது.

ஆக, முடிவெடுக்கும் இடங்கள் மூன்று. ஃபர்ம்வேர் எந்த பூட் லோடரை அழைப்பது என்று முடிவு செய்கிறது. லினக்ஸ் பக்கம் போனால் கிரப் என்ற பூட் லோடர் தன் பட்டியலைக் காட்டுகிறது. விண்டோஸ் பக்கம் போனால் விண்டோஸ் பூட் மேனேஜர் தன் பட்டியலைக் காட்டுகிறது. முதல் கட்டத்திலேயே ஃபர்ம்வேர் விண்டோஸை அழைத்துவிட்டால், கிரப் கோப்பில் நாள் முழுக்கத் திருத்தினாலும் ஒரு மாற்றமும் கண்ணில் படாது. ‘எல்லாம் சரியாகச் செய்தேன், மெனுவே வரவில்லை’ என்று புலம்புபவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான்.

ஃபர்ம்வேரின் மெனு

இதில் இரண்டு வசதிகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, இந்த ஒரு முறைக்கு மட்டும் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல். கணினியை இயக்கியவுடன் டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12 விசையையும், எச்பி கணினிகளில் எஃப்9 விசையையும், அசூஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசையையும் விட்டுவிட்டு அழுத்தினால் இது வரும். சில ஏசர் கணினிகளில் எஃப்12 பட்டியலை முதலில் பயாஸ் அமைப்புக்குள் போய் இயக்கி வைக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து ஒரே ஒரு முறை லினக்ஸை ஓட்டிப் பார்ப்பதற்கு இந்தப் பட்டியலே போதும். அதற்காக நிரந்தர வரிசையை மாற்றுவது வேண்டாத வேலை.

மற்றொன்று நிரந்தர வரிசை. அது பயாஸ் அமைப்புத் திரையில் பூட் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அங்கே போக டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, வேறு பலவற்றில் டெலீட் விசை. விண்டோஸ் மின்னல் வேகத்தில் தொடங்கி, விசையை அழுத்த நேரமே கொடுக்கவில்லையென்றால் வேறு வழி இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், அதற்குள் மேம்பட்ட வாய்ப்புகள், அதற்குள் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் அமைப்புகள் என்று போனால் கணினியே உங்களை அங்கே கொண்டுபோய் விடும். விசைப்பலகையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அங்கே உபுண்டு என்ற பெயரை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே ஏற்றிவிட்டுச் சேமித்தால், அடுத்த முறை கிரப் பட்டியல் வந்துவிடும். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் காணாமல் போய்விட்டதாகப் பலர் பதறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது, வரிசை மட்டும் தலைகீழாகியிருக்கும். மறுபடி நிறுவ உட்கார்ந்துவிடாதீர்கள்.

வரிசையில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், பூட் வரிசையையோ, நம்பகமான பூட் லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அமைப்பையோ மாற்றும்போது அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்குத் தெரியாமலேயே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முதலில் எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் பயாஸைத் திறக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. சாவி கிடைக்காவிட்டால் அந்த டிஸ்கில் இருக்கும் குடும்பப் படங்களும் சான்றிதழ்களும் திரும்பக் கிடைக்காது.

கிரப்: நாம் அதிகம் கை வைக்கும் இடம்

கிரப்பை 1995இல் எரிக் போலின் என்பவர் உருவாக்கினார். இன்று நாம் பயன்படுத்துவது முழுவதும் புதிதாக எழுதப்பட்ட இரண்டாம் பதிப்பு. உபுண்டு 2009இல் வந்த 9.10 பதிப்பிலிருந்து அதைத்தான் நிறுவுகிறது. பழைய பதிப்புக்கான குறிப்புகள் இன்னும் இணையத்தில் உலவுகின்றன. மெனு.எல்எஸ்டி என்ற கோப்பைத் திருத்தச் சொல்லும் எந்தக் குறிப்பையும் அப்படியே கடந்துபோய்விடுங்கள். அது இப்போதைய கிரப்புக்கு உரியதில்லை.

இரண்டாம் பதிப்பில் ஒரே ஒரு கருத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும். கிரப் திரையில் காட்டும் பட்டியல் கிரப்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை மனிதர்கள் எழுதுவதில்லை. ஒரு கட்டளை எழுதுகிறது. கோப்பின் முதல் வரிகளிலேயே, இதைத் திருத்தாதே என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். நீங்கள் மீறித் திருத்தினால் அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த வாரம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் புதிய பதிப்பு வந்து இறங்கும்போது கோப்பு மறுபடியும் எழுதப்பட்டு, உங்கள் திருத்தம் சுவடின்றிப் போய்விடும்.

நாம் திருத்த வேண்டியது வேறொன்று. இடிசி அடைவுக்குள் டிஃபால்ட் என்ற அடைவு, அதற்குள் கிரப் என்ற பெயரில் ஒரு சிறிய கோப்பு. நம் விருப்பங்களை அங்கே எழுதிவிட்டு, பிறகு அப்டேட்-கிரப் என்ற கட்டளையை சூடோ என்ற நிர்வாகி உரிமையோடு ஓட்டினால், அது நம் விருப்பங்களையும் டிஸ்கில் இருக்கும் கர்னல்களையும் பார்த்துப் பட்டியலைப் புதிதாக எழுதும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் அதே வேலைக்கு கிரப்2-எம்கேகான்ஃபிக் என்ற கட்டளை. விருப்பத்தை எழுதுவது ஒரு வேலை, பட்டியலைப் புதுப்பிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை மறந்தால் முதலாவது செய்ததற்குப் பலனே இல்லை.

கோப்பைத் திறக்கும் முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். நானோ போன்ற எளிய எடிட்டரில் சூடோ உரிமையோடு திறந்தால் போதும். உள்ளே இருப்பவை பெரிய எழுத்தில் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற அமைப்பில் உள்ள சில வரிகள். சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. ஹேஷ் குறியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், கிரப் அவற்றைக் கண்டுகொள்ளாது.

முதலில் டைம்அவுட் வரி. எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. என் கருத்தில் 5 விநாடி நல்ல அளவு. கழித்தல் 1 என்று எழுதினால் நீங்கள் என்டர் அழுத்தும்வரை கிரப் காத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தினால், ஆளுக்கொரு இயங்குதளம் வேண்டியிருந்தால், இது மிகவும் உதவும். 0 என்று எழுதினால் காத்திருக்காமல் ஓடிவிட வேண்டும். ஆனால் உபுண்டுவில் பக்கத்தில் விண்டோஸும் இருந்தால், 0 என்று எழுதினாலும் மெனு 10 விநாடி காட்டப்படும். உங்களுக்கு விண்டோஸைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போய்விடக் கூடாது என்று உபுண்டு செய்துவைத்த ஏற்பாடு அது. ‘0 எழுதினேன், 10 வருகிறது’ என்று குழம்ப வேண்டாம். வேகம்தான் வேண்டுமென்றால் 1 என்று எழுதுங்கள். முந்தைய முறை கணினி சரியாகத் தொடங்காமல் நின்றுபோயிருந்தால் உபுண்டு தானாகவே 30 விநாடி காத்திருக்கும். அதுவும் கோளாறு அல்ல, உங்களுக்குச் சரிசெய்ய நேரம் கொடுக்கிறது.

டைம்அவுட்டுக்குப் பக்கத்தில் ஸ்டைல் என்று முடியும் ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு ஹிட்டன் என்றிருந்தால் பட்டியல் மறைந்திருக்கும். மெனு என்று மாற்றினால் கண்ணுக்குத் தெரியும். உபுண்டு மட்டும் இருக்கும் கணினியில் மெனு மறைந்திருப்பதுதான் வழக்கம். மறைந்திருக்கும் மெனுவை ஒரு முறை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கோப்பைத் தொடவே வேண்டாம். யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் விசையைத் தட்டினாலும், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டாலும் மெனு வரும். எஸ்கேப்பை அவசரத்தில் பல முறை தட்டிவிட்டால் மெனுவுக்குப் பதில் கிரப் என்ற சொல்லோடு ஒரு கட்டளை வரி வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். நார்மல் என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுத்தால் வழிக்கு வந்துவிடும்.

அடுத்து டிஃபால்ட் வரி. தானாகத் தொடங்க வேண்டியது எது என்பதை இது சொல்கிறது. எண் கொடுக்கலாம், ஆனால் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும். பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் விண்டோஸுக்கு 2 என்று எழுத வேண்டும். இது எளிது, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், பட்டியலின் நீளம் நிலையானதல்ல. நினைவகச் சோதனைக்கான வரி ஒரு பதிப்பில் இருக்கும், இன்னொரு பதிப்பில் இருக்காது. இடையில் ஒரு வரி நுழைந்தால் எண் 2 வேறொன்றைக் குறிக்கும். இரவு ஒரு அப்டேட் முடிந்து, காலையில் அவசரமாக விண்டோஸ் தேவைப்படும்போது கணினி நினைவகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வராதா? மெனுவில் தெரியும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுவது பாதுகாப்பானது. அடைப்புக்குறியும் அதற்குள் இருக்கும் பார்ட்டிஷன் பெயரும்கூட விடுபடக் கூடாது.

இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. டிஃபால்ட் வரிக்கு சேவ்டு என்ற மதிப்பைக் கொடுத்து, சேவ்டிஃபால்ட் என்று ஒரு வரியைச் சேர்த்து அதற்கு ட்ரூ என்று எழுதினால், கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதையே கிரப் அடுத்த முறையும் தொடங்கும். விண்டோஸ் அப்டேட்டுகள் நடுவில் இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் கேட்கும். அப்போதெல்லாம் கணினி பக்கத்திலேயே உட்கார்ந்து விண்டோஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க வேண்டிய தொல்லை இதனால் தீர்கிறது. நினைவை கிரப்என்வ் என்ற 1024 பைட் கோப்பில் அது எழுதி வைக்கும். பூட் அடைவு பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையிலோ எல்விஎம் என்ற டிஸ்க் பிரிப்பு அமைப்பிலோ இருந்தால் கிரப்பால் அங்கே எழுத முடியாது, எனவே இந்த வழி அங்கே பயன்படாது.

பட்டியலிலிருந்து விண்டோஸ் காணாமல் போகும் சிக்கலுக்கு வருவோம். 2021இல் வந்த கிரப் 2.06 பதிப்பில், பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் என்ற கருவியைப் பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாக நிறுத்திவைத்தார்கள். அதனால் அதன் பிறகு வந்த லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில், அப்டேட்-கிரப் ஓட்டினால் விண்டோஸ் வரி வராமல் போனது. அதே கிரப் கோப்பில் டிஸேபிள் ஓஎஸ் புரோபர் என்ற பெயருள்ள வரி ஹேஷ் குறியோடு தூங்கிக்கொண்டிருக்கும். ஹேஷ் குறியை எடுத்துவிட்டு, மதிப்பு ஃபால்ஸ் என்று இருப்பதை உறுதிசெய்து, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்பி வரும். வரி இல்லையென்றால் நாமே சேர்க்கலாம். நிறுத்திவை என்பதற்குப் பொய் என்று பதில் சொன்னால் இயக்கு என்று பொருள். அந்த இரட்டை எதிர்மறையைப் பொறுமையாக ஒரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.

கிரப்பில் நான் மிகவும் மதிப்பது இ என்ற ஆங்கில எழுத்து விசையை. மெனுவில் ஒரு வரியின் மீது நின்று அதைத் தட்டினால், அந்த வரிக்குப் பின்னால் ஓடும் கட்டளைகள் எல்லாம் திரையில் விரியும். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசியில் க்வயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு எஃப்10 அழுத்தினால், வழக்கமாக லோகோவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் செய்திகள் ஒவ்வொன்றும் வரி வரியாக ஓடுவதைப் பார்க்கலாம். கணினி எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்று அப்போது தெரியும். கிராஃபிக்ஸ் தகராறு செய்து திரை இருண்டுபோனால் அதே இடத்தில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்தத் திருத்தம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான். மறுபடி இயக்கினால் எல்லாம் பழையபடி இருக்கும். எனவே துணிந்து சோதிக்கலாம். பலன் தெரிந்த பிறகு, அதே சொல்லைக் கோப்பில் சிஎம்டிலைன் என்று வரும் வரியில் எழுதி நிரந்தரமாக்கிக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் சன்னல்களில் சொடுக்கிச் செய்ய கிரப் கஸ்டமைசர் என்ற கருவி இருக்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கிரப்பின் உள் நிரல்களை அது தன் போக்கில் மாற்றிவைக்கிறது. பிறகு சிக்கல் வந்தால் எது யார் எழுதியது என்று பிரித்தறிவது பெரும்பாடு. நான்கைந்து வரிக் கோப்பு அதைவிட எளிது.

விண்டோஸின் மெனு

ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ் இருந்தால்தான் இந்த மெனு வழக்கமாகக் கண்ணில் படும். எக்ஸ்பி காலம்வரை பூட்.ஐஎன்ஐ என்ற கோப்பைத் திறந்து திருத்தினார்கள். விஸ்டாவிலிருந்து அந்தத் தகவல்கள் பிசிடி என்ற தரவுத்தொகுப்புக்குப் போய்விட்டன. அதை நோட்பேடில் திறக்க முடியாது. எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பூட் என்ற பகுதியில் முதன்மை விண்டோஸைத் தேர்ந்தெடுக்கலாம், இயல்பாக 30 விநாடி இருக்கும் காத்திருப்பைக் குறைக்கலாம். அங்கே 3க்குக் கீழே போக முடியாது. அங்குள்ள டெலீட் பொத்தான் பட்டியலில் இருக்கும் பெயரை மட்டும்தான் நீக்கும். டிஸ்கில் உள்ள விண்டோஸ் அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்த மெனு நீல நிறத்தில் அழகாக வருகிறது. ஆனால் அதை வரைவதற்கே விண்டோஸின் ஒரு பகுதி ஏறிவிடுகிறது. அதனால் இன்னொரு விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நேரம் வீணாவது பிடிக்கவில்லையென்றால் பிசிடிஎடிட் கட்டளையில் பூட்மெனுபாலிசி என்ற மதிப்பை லெகசி என்று மாற்றலாம். பழைய கறுப்புத் திரைப் பட்டியல் திரும்பிவிடும், சேஃப் மோடுக்குப் போக உதவும் எஃப்8 விசையும் உயிர் பெறும்.

லினக்ஸோடு சேர்ந்து வாழும் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுவது நல்லது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸுக்குப் போனால் விண்டோஸின் டிரைவில் எழுத முடியாமல் போகும், படிக்க மட்டுமே முடியும். கன்ட்ரோல் பேனலில் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் இதை அணைக்கலாம்.

கடைசியாக, லினக்ஸ் வேண்டாம் என்று அதன் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து அழித்துவிடுபவர்களுக்கு. கிரப்பின் மெனுக் கோப்பு அந்தப் பார்ட்டிஷனில்தான் இருந்தது, ஆனால் ஃபர்ம்வேரின் வரிசையில் உபுண்டு இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. அதனால் மறுபடி இயக்கும்போது மெனு இல்லாமல் கிரப்பின் கட்டளை வரி மட்டும் வந்து நிற்கும். யுஇஎஃப்ஐ கணினியில் விண்டோஸுக்கு எந்தச் சேதமும் இல்லை. எஃப்12 போன்ற ஒருமுறைப் பட்டியலைத் திறந்து விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பயாஸ் அமைப்பில் அதை முதலிடத்துக்கு ஏற்றுங்கள். பார்ட்டிஷனை அழிக்கும் முன்பே வரிசையை மாற்றிவிட்டால் அந்தக் கட்டளை வரியைப் பார்க்க வேண்டிய தேவையே வராது.